தனிமை தாங்காத நாய்க்கு எது ஏற்றது: தோட்டத்துச் சாளையா, பகல் காப்பகமா, பயிற்சியா?

கோவை சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்கதவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சாயம் உரிந்து மரம் தெரியும் அளவுக்கு நகக் கீறல்கள் இருக்கின்றன. முன்பு வளர்த்தவர்கள் ஊர் மாறிப் போனதால் இரண்டு வயதில் எங்களிடம் வந்து சேர்ந்த செம்பி, நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிய முதல் வாரத்திலேயே போட்ட கீறல்கள் அவை. ஒரு நகம் பிய்ந்து நிலைப்படியில் இரத்தம் காய்ந்திருந்தது. "ஏனுங்க, நீங்க அந்தப் பக்கம் போனதும் இது அழுவறத காது குடுத்துக் கேக்க முடியலீங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அவர் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கே கண் கலங்கியிருந்தது.

அதன்பின் 14 மாதங்களில் நாங்கள் கையாண்ட வழிகளையே இங்கு ஒப்பிடுகிறேன். எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும், கைபேசியைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்து, வீட்டில் தனியாக இருக்கும் நாயைப் படம் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். சலிப்படைந்த நாய் சிறிது நேரம் படுத்திருந்துவிட்டுப் பிறகு தலையணையைக் கிழிக்கும். அதற்குக் கூடுதல் நடையும் விளையாட்டும் போதும். தனிமைக்கு அஞ்சும் நாயோ, பூட்டு விழுந்த சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, வாசலுக்கும் சன்னலுக்குமாக நடக்கத் தொடங்கிவிடும். உறைய வைத்த தயிர்ச் சோற்றை அடைத்துக் கொடுத்த ரப்பர் பொம்மையைச் செம்பி நாங்கள் வீட்டில் இருக்கும்போது அரை மணி நேரம் நக்குவாள். நாங்கள் போனபின் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பசியையும் மறக்கச் செய்யும் அச்சத்தைக் குறும்பு என்று எண்ணி அடிப்பது கொடுமை. அடி அந்த அச்சத்தை மேலும் வளர்க்கவே செய்யும்.

கூண்டையும் சங்கிலியையும் ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: பீதியில் இருக்கும் நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், சங்கிலியோடு சுவரேறிக் குதித்துக் கழுத்து இறுகிச் சாகவும் கூடும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குங்கள் என்று பலரும் சொன்னார்கள். செம்பிக்கு வேண்டியது மனிதர் துணை என்பதால் அந்த யோசனையை ஏற்கவில்லை. இரண்டாவது நாயும் அழக் கற்றுக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

நாங்கள் முதலில் நம்பியது தோட்டத்தைத்தான். காங்கேயம் பக்கம் என் மாமனாருக்குக் கொறங்காடும் (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) அதையொட்டிய சாளையும் (தோட்டத்து வீடு) உண்டு. கிளுவை வேலிக்குள் மாடுகள் மேயும், ஆட்டுப்பட்டி இருக்கும், விடியற்காலைப் பால் கறவையிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை யாராவது ஓர் ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார். செம்பி மூன்றே நாளில் அழுகையை நிறுத்தி, மாமியார் தீவனம் கலக்கும் தொட்டிக்கருகே படுக்கப் பழகிவிட்டாள். செலவும் இல்லை, மருந்தும் இல்லை என்பதால் வேறெதுவும் தேவையில்லை என்றே நினைத்தோம். ஆனால் ஒரு முகூர்த்த நாளில் மாமியார் கலியாணத்துக்குக் கிளம்பியபோது, ஆள்காரர் பட்டியில் இருந்தும்கூட, செம்பி கிளுவை முள்ளுக்குள் நுழைந்து, முதுகெல்லாம் கிழிபட்டு, பேருந்து போன சாலையில் ஒரு மைல் ஓடியிருக்கிறாள். எங்களை விட்டுப் பிரியும் அச்சம் மறையவில்லை; அது மாமியார்மேல் இடம் மாறியிருந்தது. நாயை நிரந்தரமாகத் தோட்டத்துக்கே கொடுத்துவிட முடிந்தவர்களுக்கும், எப்போதும் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மனமுவந்து ஏற்கும் குடும்பத்துக்கும் இது நல்ல வழி என்றே இன்றும் சொல்வேன். திங்களன்று விட்டு, சனிக்கிழமை அழைத்து வருவதை மட்டும் செய்யாதீர்கள். வாரந்தோறும் ஒரு புதிய பிரிவைத்தான் அது நாய்க்குக் கொடுக்கிறது.

பகல் காப்பகத்துக்கு நாங்கள் கொடுத்தது நாளுக்கு 500 ரூபாய். மாதம் 26 வேலை நாள் என்றால் 13,000 ரூபாய். செம்பி அங்கே அழவில்லை, நன்றாகவே விளையாடினாள். ஆயினும் காப்பகம் விடுமுறையாக இருந்த நாளில் வீட்டில் பழைய கதைதான், ஏனெனில் தனியாக இருக்க அங்கே யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடமாக இருந்தால், எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தனிமையைக் கற்றுத்தருவது பயிற்சி ஒன்றுதான். மிக மெதுவான வழியும் அதுதான். வண்டிச் சாவியின் ஒலி கேட்டாலே செம்பிக்கு நடுக்கம் வரும் என்பதால், நாளுக்கு இருபது முறை சாவியை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்பது நாளில், சாவி ஒலித்தால் காது மட்டும் அசைந்தது. அடுத்து ஹெல்மெட், பிறகு டிபன் கேரியர். அதன்பின் கதவுக்கு வெளியே ஐந்து வினாடி, பன்னிரண்டு, ஏழு, இருபது என நேரத்தை ஏற்றியும் இறக்கியும் நின்று, அவள் பதறுவதற்கு முன்பே உள்ளே வந்துவிடுவேன். பதறிய பிறகு வந்தால் அந்த நாளின் பாடம் வீண். பெரும்பாலான நாய்களுக்கு முதல் அரை மணி நேரமே கடினம்; அதைக் கடந்தபின் பெரிய அடிகளாக எடுத்து வைக்கலாம்.

இந்த வழியின் பெருஞ்சுமை என்னவென்றால், பயிற்சி நடக்கும் மாதங்களில் நாயால் தாங்க முடிந்த நேரத்துக்கு மேல் ஒருநாள்கூட அதைத் தனியே விடக் கூடாது. ஆகவே தோட்டமும் காப்பகமும் பயிற்சிக்குப் போட்டியாக நிற்பவை என்று முதலில் நான் எண்ணியது தவறு. அவற்றில் ஒன்று இல்லாமல், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பயிற்சியைத் தொடங்கவே முடியாது. நாங்கள் ஐந்து மாதம் காப்பகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே காலையிலும் மாலையிலும் கதவுக்கு வெளியே நின்றோம்.

மருந்தைப் பற்றி இங்கே தேவையற்ற கூச்சம் நிலவுகிறது. பிரிவச்சம் உள்ள நாய்களுக்கென்றே குளோமிப்ரமின் 1998-லும் ஃப்ளூவாக்ஸெடின் 2007-லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் பயிற்சியோடு சேர்த்துத் தரப்பட வேண்டியவை. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். தொடக்கத்தில் பசி குறைந்து மந்தமாக இருக்கலாம். திடீரென நிறுத்தக் கூடாது. வெறும் மயக்க மருந்து வேறு வகை: உடலை அசையாமல் கிடத்தும், உள்ளே அச்சம் அப்படியே இருக்கும். நம் பகுதியில் உண்ணிக்கு அமிட்ராஸ் கரைத்துக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டு, அது இந்த இரு மருந்துகளோடும் ஆபத்தான முறையில் மோதக்கூடியது என்பதால், எந்த உண்ணி மருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். மனிதருக்கான மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி நாமாகப் பிட்டுக் கொடுப்பது எந்த நிலையிலும் வேண்டாம். எங்களூர்ப் பக்கம் மருத்துவர் கிடைக்காதவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மருந்து தொடங்கிய ஏழாம் வாரத்தில் செம்பி தனியாக இருக்கும்போது அந்தத் தயிர்ச் சோற்றை நக்கித் தீர்த்ததைக் கைபேசியில் பார்த்தேன். அலுவலகத்தில் எழுந்து வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அவள் மூன்று மணி நேரம் இருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து சற்று நேரம் உட்கார்ந்திருப்பார், ஒன்றரைக்கு நான் சாப்பிட வருகிறேன். நான்கரைக்கு மனைவி வந்துவிடுகிறார். கதவுக்குச் சாயம் அடிக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறோம்.