தர்மபுரியில் பஸ் விட்டு இறங்கி நேரம் போக்க நினைப்பவர்கள் பையை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

போன சனிக்கிழமை எனக்கு நடந்தது இது. தனியாக ஊர் சுற்ற நினைக்கும் பெண்கள் கட்டாயம் படியுங்கள்.

மதுரையிலிருந்து ராத்திரி பஸ். தர்மபுரி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விடிகாலை 4.45. அண்ணன் ஓசூரில் வேலை முடித்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்குக் காரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வார், அங்கிருந்து அரூரில் அண்ணி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம் என்று ஏற்பாடு. ஆக, கையில் 13 மணி நேரம், ஊரில் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதியமானின் தகடூர் இதுதான் என்று படித்திருக்கிறேன். கோட்டைக் கோயில், மியூசியத்தில் இருக்கும் நடுகற்கள், முடிந்தால் ஒகேனக்கல் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன்.

குளித்து உடை மாற்ற எதிரில் ஒரு லாட்ஜில் மூன்று மணி நேரத்துக்கு 400 ரூபாய் வாங்கினார்கள், வெந்நீர் நன்றாக வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரூமைக் காலி செய்தால் பையை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டுப்புடவையும், மணப்பெண்ணுக்கு அம்மா கொடுத்தனுப்பிய வெள்ளிக் குங்குமச்சிமிழும் அந்தப் பையில்தான். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றபோது ஒரு கார் டிரைவர் வந்தார், நாற்பது வயது இருக்கும், நல்ல மரியாதையான பேச்சு.

"ஒகேனக்கல்லா தங்கச்சி? நேரா பஸ் கிடையாது, பென்னாகரத்துல மாறணும், மதியம் ஆயிடும். 1,800 குடுங்க, போய்ட்டு வந்துரலாம். பைய டிக்கில போட்டுட்டு கைய வீசிக்கிட்டு சுத்திப் பாருங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஏறினேன், தோள் அவ்வளவு வலி. ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் ஒரு அரசு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது, பின்னால் போர்டில் ஒகேனக்கல் என்று பெரிதாக எழுதியிருந்தது. நேரடி பஸ் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 46 கிலோமீட்டர்தான். அந்த நிமிடமே இறங்கியிருக்க வேண்டும், ஆனால் பை டிக்கியில் இருக்கிறதே என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒகேனக்கல்லில் பரிசலுக்கு டிக்கெட் கவுண்ட்டர் இருக்கிறது, கட்டணப் பலகையும் இருக்கிறது. அவர் அந்தப் பக்கமே என்னைப் போகவிடவில்லை. "அங்க கூட்டம், நம்ம ஆளு இருக்காரு" என்று பாறைகளுக்கு நடுவே வேறு ஒரு வழியில் கூட்டிப் போனார். 800 ரூபாய் என்று பேச்சு. டிக்கெட் இல்லை, லைஃப் ஜாக்கெட் கேட்டதற்கு "இங்க ஆழமில்லம்மா" என்று பதில். பரிசலில் மூங்கில் பின்னலோடு சேர்த்து ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சாக்கு ஒரு ஓரத்தில் கிழிந்து, என் செருப்புக்கு அடியில் தண்ணீர் கசிந்து தேங்கிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழுந்து நின்ற அந்தப் பாறைகளை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. பாதி வழியில் பரிசல்காரர் ஒரு பாறையைக் கையால் பிடித்துப் பரிசலை நிறுத்திவிட்டு, அருவி தெரிகிற இடத்துக்குப் போக இன்னும் 1,000 ஆகும், இல்லையென்றால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்றார். சுற்றிலும் தண்ணீர். போனில் சிக்னல் இல்லை. பர்ஸிலிருந்து எண்ணிக் கொடுத்தேன்.

கரைக்கு வந்த பிறகுதான் பெரிய விஷயமே. டிரைவர் டிக்கியில் சாய்ந்துகொண்டு கணக்குச் சொன்னார்: வெயிட்டிங், பார்க்கிங், பேட்டா, ஏசி எல்லாம் சேர்த்து 4,200. ஏறும்போது இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. 1,800 என்றுதானே பேசினோம் என்றேன். சத்தமே போடவில்லை அவர். "அது வண்டி வாடகை தங்கச்சி. பணத்தக் குடுங்க, டிக்கியத் திறக்கறேன்."

பை யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் ரேட். பேரம் பேசத் தெரியாதவள் இல்லை நான், மதுரையில் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. ஆனால் சாமான் அவரிடம், நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது, பேச வாயே வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, "பொம்பளப் புள்ளயோட பைய வெச்சுக்கிட்டு என்னய்யா வசூல் பண்ற? நீ வண்டிய போட்டோ எடும்மா, 112க்குப் போன் போடு" என்றார். போட்டோ எடுத்தேன். 4,200 என்றது 3,000 ஆனது, பையும் கைக்கு வந்தது. அந்த அக்கா மீனுக்குக் காசு வாங்கவில்லை, ஒகேனக்கல் பேருந்து நிலையம் வரை கூடவே வந்து அரசு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

தயவுசெய்து யாரும் ஒகேனக்கல் போகாமல் இருந்துவிடாதீர்கள், அது அத்தனை அழகான இடம். பஸ்ஸில் போங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த பஸ் எங்கே போகும் என்று கண்டக்டரிடம் கேளுங்கள், கூப்பிட வருகிறவரிடம் கேட்காதீர்கள். பரிசலுக்குக் கவுண்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள், லைஃப் ஜாக்கெட் கொடுக்காவிட்டால் ஏறவே வேண்டாம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து செய்திகளில் வந்துகொண்டிருக்கும், கிளம்பும் முன் பாருங்கள். தண்ணீர் கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும், அந்த நாளில் யார் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். கார்தான் வேண்டுமென்றால் மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியா என்று பார்த்து, வெயிட்டிங் உட்பட மொத்த வாடகையையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டு ஏறுங்கள்.

திரும்பி வரும்போது மணி நாலரை. நடுகற்களைப் பார்க்க நேரமில்லை. கோட்டைக் கோயிலுக்கு மட்டும் பையோடு போனேன். மல்லிகார்ஜுனர் சன்னதி மண்டபத்தில் தரையைத் தொடாத தூண் இருக்கிறது, குனிந்து பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது. அன்றைக்கு அமைதியாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

அண்ணன் ஆறே முக்காலுக்கு வந்தார். அரூர் போகும் வழியில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "இது வாடகை வண்டியே இல்ல பாப்பா, வெள்ளை போர்டு" என்றார். திங்கட்கிழமை நம்பரோடு ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வந்தால் இங்கேயே சொல்கிறேன். குங்குமச்சிமிழ் பத்திரமாக மணப்பெண் கைக்குப் போய்ச் சேர்ந்தது.