பி.எஃப்.புக்கு வெளியே இருக்கிற பணத்துக்கு ஆர்பிட்ரேஜ் ஃபண்ட்: என் மதிப்புரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளத்திலேயே பி.எஃப். பிடித்துவிடுகிறார்கள். பி.பி.எஃப்.பில் வருடத்துக்கு 1.5 லட்சத்துக்கு மேல் போட முடியாது. அதற்கும் மேலே மிஞ்சுவதை எங்கள் பக்கம் எஃப்.டி.யில் போடுவார்கள், இல்லையென்றால் சீட்டு, நகை, இடம். நான் ஆர்பிட்ரேஜ் ஃபண்ட் என்கிற ஒரு வகை மியூச்சுவல் ஃபண்டில் வைத்திருக்கிறேன். 30% வருமான வரி ஸ்லாபில் (வரி அடுக்கில்) இருந்து, ஒன்றிரண்டு வருடத்தில் பணம் தேவைப்படும் ஆளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சத்தை 7% வட்டிக்கு எஃப்.டி. போட்டால் வருடத்துக்கு 70,000 வரும். 30% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும் சேர்ந்தால் 21,840 போய்விடும். கையில் நிற்பது 48,160. வட்டியை முதிர்வில்தான் வாங்குகிறோம் என்றாலும் வரி வருடாவருடம் கட்டியாக வேண்டும். ஆர்பிட்ரேஜ் ஃபண்டை வருமான வரியில் பங்கு ஃபண்டாகவே பார்க்கிறார்கள். விற்கிறபோதுதான் வரி. ஒரு வருடம் தாண்டி விற்றால் அந்த நிதியாண்டின் லாபத்தில் 1.25 லட்சம் வரை வரியே கிடையாது, அதற்கு மேல் 12.5%. வருடத்துக்குள் விற்றால் 20%. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். ஆக, ஃபண்ட் 6% மட்டும் கொடுத்தால்கூட, வேறு பங்கு லாபம் இல்லாத வருடத்தில் அந்த 60,000 முழுசாகக் கையில் நிற்கும்.

பங்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஃபண்ட் மேலாளர் ஒரு பங்கை இன்று வாங்கி, அதே பங்கை அதே அளவு ஃப்யூச்சர்ஸில் (பின்னால் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தத்தில்) சற்று கூடுதல் விலைக்கு அன்றைக்கே விற்றுவிடுகிறார். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஏலத்தில் சரக்கு எடுத்த கையோடு அடுத்த மாத டெலிவரிக்கு விலை பேசி முடிப்பது மாதிரி. விலை ஏறினாலும் இறங்கினாலும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் லாபம். ஃபண்ட் எதில் பணம் போட்டிருக்கிறது என்று காட்டும் மாதாந்திர ஃபேக்ட் ஷீட்டைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும்: ஒரு வங்கிப் பங்கு 4% என்று போட்டிருந்தால், ஃப்யூச்சர்ஸ் பத்தியில் அதே பெயருக்கு எதிரே ஏறக்குறைய மைனஸ் 4%. எந்த ஃபண்ட் எடுத்தாலும் முதலில் இந்த இரண்டு பத்தியையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவேன்.

குறைகளும் உண்டு. சந்தை மந்தமாக இருக்கிற மாதத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும், வருமானமும் குறையும். சில நாள் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) லேசாக இறங்கவும் செய்யும். வாங்கிய சில வாரங்களுக்குள் எடுத்தால் எக்ஸிட் லோட் என்று ஒரு கட்டணம் பிடிப்பார்கள், பணம் கணக்குக்கு வர ஓரிரு வேலை நாள் ஆகும். ஆஸ்பத்திரி அவசரத்துக்கான பணத்தை இதில் வைக்காதீர்கள்.

லாபத்தை வெளியே தராமல் ஃபண்டுக்குள்ளேயே வளரவிடும் குரோத் ஆப்ஷன்தான் எடுக்க வேண்டும். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில், மாதாமாதம் கைக்குப் பணம் வருமென்று டிவிடெண்ட் ஆப்ஷனைத்தான் முன்னால் வைத்தார்கள். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் முழுவதும் நம் ஸ்லாபுக்கே வரி. எதற்காக இந்த ஃபண்டுக்கு வந்தோமோ அதுவே அடிபட்டுப் போகும்! கடன் பத்திரங்களில் பணம் போடும் டெட் ஃபண்டும் அப்படித்தான்: 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கியது என்றால் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபத்துக்கு ஸ்லாப் வரிதான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கோபி பக்கம் மஞ்சள் போடும் என் மாமனார் கேட்டார், "ஏனுங்க மாப்ள, வெவசாயப் பணத்துக்கு ஏதுங்க வரி?" விளைச்சல் வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரி. அந்தப் பணத்தை எஃப்.டி.யில் போட்டால் வரும் வட்டி விவசாய வருமானம் ஆகாது, அதைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். பலரும் சறுக்குகிற இடம் இது. ஆனால் அவருக்கு வேறு வருமானம் கிடையாது, வட்டியும் குறைவு. வரி வரம்பைத் தொடவே தொடாது. அதனால், "எஃப்.டி.யே இருக்கட்டுங்க மாமா, வட்டியில டி.டி.எஸ். வரி பிடிக்க வேண்டாம்னு வருசம் பொறந்ததும் பேங்க்ல படிவம் மட்டும் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நிலையில் ஆர்பிட்ரேஜ் ஃபண்டால் ஒரு ரூபாய்கூட மிச்சம் ஆகாது.

ரிட்டர்ன் போடுவதும் எளிது. ஃபண்ட் கம்பெனிகளுக்காக முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டிலும் மெயில் முகவரியைக் கொடுத்தால் லாபக் கணக்கு அறிக்கை வந்துவிடும். எஸ்.ஐ.பி.யில், அதாவது மாதத் தவணையாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வருடம் தனித்தனியாக ஓடும், முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 1.25 லட்சம் என்பது ஃபண்டுக்கு ஃபண்ட் தனியாகக் கிடையாது, ஆளுக்கு மொத்தமே அவ்வளவுதான். மகளின் காலேஜுக்காக நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டும் வைத்திருக்கிறேன், அதுவும் பங்கு ஃபண்டுதான் என்பதால் அதன் லாபமும் இந்த வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். அதனால் இண்டெக்ஸ் ஃபண்டிலிருந்து எடுக்க வேண்டியதை மார்ச் கடைசிக்குள் எடுத்துக்கொண்டு, ஆர்பிட்ரேஜ் யூனிட்டை ஏப்ரல் பிறந்த பிறகு விற்பதாக இருக்கிறேன். அப்போது புது நிதியாண்டின் 1.25 லட்சம் அதற்குத் தனியாகக் கிடைத்துவிடும்.