சுரங்க மண்ணுக்கு எது: தக்கைப்பூண்டா, சணப்பையா, கொழுஞ்சியா?

சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்ணை மண் என்று சொல்லவே மனசு வராது. மக்கிய தழை கிடையாது, தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையாது, கனரக வண்டிகள் ஏறி இறங்கி இறுகிக் கிடக்கும். அதில் பசுந்தாள், அதாவது மண்ணிலேயே மடக்கி உரமாக்கும் செடி, விதைக்க வருபவர்கள், தலைப்பில் உள்ள மூன்றில் எது அதிகத் தழை தரும் என்று பார்க்கிறார்கள். வயலுக்கு அது சரி. இங்கே எது பிழைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

தழைக் கணக்கில் தக்கைப்பூண்டை மிஞ்ச முடியாது. நல்ல நிலத்தில் ஹெக்டேருக்கு 20 டன்னுக்கு மேல் வரும். நீர் தேங்கும் பள்ளம், உவர், களர் போன்ற உப்பு மண் எல்லாம் தாங்கும். ஆனால் ஈரம் வேண்டும். தண்ணீர் நிற்காத சரளை மேட்டில் குட்டையாக நின்றுவிடும்.

சணப்பை நேரெதிர், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வேகமாக வளரும், பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். நாள் கடத்தினால் தண்டு நாராகிவிடும், லேசில் மக்காது.

கொழுஞ்சி தருவது 6, 7 டன்தான், அதுவும் நல்ல நிலத்தில். முளைக்கும் முன்பே பொறுமையைச் சோதிக்கும். விதைத்தோல் அவ்வளவு கெட்டி, கரடான மணலோடு சேர்த்துத் தேய்த்து மேல்பளபளப்பு போன பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்புறமும் ஆரம்ப வளர்ச்சி மெதுவாகவே இருக்கும். இருந்தாலும் மேட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வறட்சி தாங்கும், ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, தானே விதை உதிர்த்து அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். வேலி போட முடியாத இடத்தில் இது பெரிய விஷயம்.

கந்தகக் கனிமம் கலந்து புளித்துப்போன (அமிலமான) மண்ணில் மூன்றுமே தோற்கும். முதலில் சுண்ணாம்பு இட்டாக வேண்டும். வேர்முடிச்சில் இருந்து தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தைக் கலந்து விதைப்பதையும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இடுவதையும் விடக்கூடாது, ஆழத்திலிருந்து வந்த மண்ணில் அந்த நுண்ணுயிர் இருக்காது. விதைத்து ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செடியை வேரோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

மேட்டில் கொழுஞ்சி, பள்ளத்தில் தக்கைப்பூண்டு, மண் கொஞ்சம் பொலபொலப்பான பிறகு சணப்பை. சரிவில் உழ வேண்டாம், மழையில் மண் கரையும், வெட்டி மேலேயே போர்த்துங்கள். ஈயமோ காட்மியமோ போன்ற நச்சு உலோகம் இருக்கும் மண் என்றால் அந்தத் தழையை மாட்டுக்குப் போடவே கூடாது.