ஆங்கிலம் பேசிக் கேட்டுப் பழக: வகுப்பா, செயலியா, ஞாயிற்றுக்கிழமை விவாதமா?

புணேயிலிருந்து தொலைபேசியில் பேசியவர் "பிஃப்டீன்" என்று சொன்னதை நான் "பிஃப்டி" என்று குறித்துக்கொண்டு, பதினைந்து பெட்டிகள் போக வேண்டிய லாரியில் ஐம்பது பெட்டிகளை ஏற்றச் சொல்லிவிட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதில் எனக்குப் பெரிய தடை இருந்ததில்லை. காதில் விழுந்ததை அப்போதே பிடித்து, அப்போதே வாய்திறந்து பதில் சொல்வதில்தான் தடுமாறினேன். அந்தத் தவறுக்குப் பிறகு சில ஆண்டுகளில் பல வழிகளைப் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஐந்தாறு பேர் கூடி, நடப்புச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விவாதிப்பதே அந்த வழி. என் சாய்வு அதன் பக்கம்தான் என்பதைத் தெரிந்துகொண்டே இந்த ஒப்பீட்டைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சேர்ந்தது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. மூன்று மாதம், வாரத்தில் ஐந்து நாள், மாலையில் ஒன்றரை மணி நேரம். காலங்களைக் குறிக்கும் வினை வடிவங்கள் அங்கேதான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தன. நாலு பேர் முன்னால் வாய் திறக்கும் அச்சமும் அங்கேதான் போயிற்று. அதற்காக நன்றி உண்டு. ஆனால் உணவகத்தில் பேசுவது, வங்கியில் பேசுவது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது என்று அச்சிட்ட உரையாடல்களையே இருவர் இருவராகப் பேசினோம். எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பது என் கையில் இருக்கும் தாளிலேயே இருந்ததால், அவரைக் கூர்ந்து கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

செயலிகளைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தள்ளிவைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம்தான் பயன்படுத்தினேன், அவையும் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவோடு குரலில் உரையாடும் வசதி, இரவுப் பணி முடித்து வருபவருக்கு உண்மையிலேயே பெரிய துணை. எத்தனை முறை தவறினாலும் அது முகம் சுளிப்பதில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தெளிவான ஒரே குரல், சீரான வேகம், நான் பாதியில் நிறுத்தினாலும் என் கருத்தை ஊகித்து முடித்துத் தரும் பொறுமை ஆகியவை பேசுவதற்குத் துணிவு தந்தன. ஆனால் லாரி இரைச்சலுக்கு நடுவே, வாக்கியத்தை விழுங்கிப் பேசும் ஒரு மனிதரைக் கேட்டுப் புரிந்துகொள்ள அவை என்னைத் தயார்செய்யவில்லை. இணையவழியில் தனி ஆசிரியரிடம் எட்டு அமர்வுகள் மட்டும் படித்தேன். உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள அதைவிடச் சிறந்த வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொடர்வதற்கு என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களுக்கு இரண்டு முறை விருந்தினராகச் சென்றிருக்கிறேன். மேடைப் பேச்சு பழகுவோருக்காக 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இயக்கம் அது. சென்னையிலும் அதன் கிளைகள் பல உண்டு. நேரம் பார்க்க ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர், மதிப்பிட ஒருவர் என்று அங்கே இருக்கும் ஒழுங்கு மதிக்கத்தக்கது. முன்தயாரிப்போடு ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசுகிறார்கள். தலைப்பு கொடுத்தவுடன் எழுந்து ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. மேடையில் பேச வேண்டியவருக்கு அதையே பரிந்துரைப்பேன். எனக்குத் தேவைப்பட்டது மேடைப் பேச்சு இல்லை. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பதிலை யோசித்து, அவர் நிறுத்தியதும் தொடர்வது.

எங்கள் குழு திட்டமிட்டுத் தொடங்கியது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு, வில்லிவாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் தண்ணீர் ஏன் வடியவில்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மழைநீர் வடிகால், எண்ணூரில் பரவிய எண்ணெய்க் கசிவு என்று பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், "தம்பி, இதையே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்போமா?" என்றார். "சார், தமிழிலேயே முழுசா சொல்ல வரலையே" என்றேன். "சொல்ல விஷயம் இருக்கிறதல்லவா, மொழி பின்னாலேயே வரும்" என்றார். மறுவாரம் அண்ணா நகர் டவர் பூங்காவில் காலை ஆறரைக்கு ஒன்பது பேர் கூடினோம். என்னால் நான்கு வாக்கியங்களுக்கு மேல் சேர்த்தாற்போலப் பேச முடியவில்லை. ஆனால் அந்த நான்கையும் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு என்னிடம் இருந்தது. வகுப்பில் உணவகக் காட்சியைப் பேசியபோது அது ஒருநாளும் இருந்ததில்லை.

நடைமுறை எளியது. வியாழக்கிழமை ஒருவர் தலைப்பைச் சொல்வார். அதைப் பற்றி ஆங்கில நாளிதழில் ஒரு கட்டுரை, ஒலிவடிவில் ஒரு செய்தி அல்லது உரையாடல் என்று இரண்டை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டு வர வேண்டும். தலைப்புக்கு ஏற்ற ஒலிப்பதிவு கிடைக்காத வாரங்களில், ஆகாசவாணியின் இரவு ஒன்பது மணி ஆங்கிலச் செய்தியைக் கேட்போம். நிதானமாக, நம் காதுக்குப் பழகிய ஒலியில் வாசிக்கிறார்கள். பழகியவர்கள் நாடாளுமன்றத் தொலைக்காட்சியான சன்சத் டிவியின் விவாதங்களுக்கும், வேற்று நாட்டு ஒலிக்குப் பழக விரும்புவோர் பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சிக்கும் போகிறார்கள். ஒலிப்பதிவை முதல்முறை எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, அதில் வரும் எண்களையும் பெயர்களையும் மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

என் பழைய காயத்துக்கு இந்தப் பயிற்சிதான் மருந்தாயிற்று. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து எங்கள் வில்லிவாக்கம் நிலையத்துக்குத் தண்ணீர் ரயில் வந்ததை நேரில் பார்த்தவன் நான். அந்த நாளின் ஆங்கிலச் செய்தியை ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். 50 தொட்டி வேகன்கள், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், மொத்தம் "டூ பாயிண்ட் ஃபைவ் மில்லியன்" லிட்டர் என்று வருகிறது. மில்லியன் என்பதைப் பத்து லட்சம் என்று மாற்றி, இருபத்தைந்து லட்சம் என மனத்தில் அமைத்துக்கொள்வதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் கடந்துபோய்விடும். "பிஃப்டி"யில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. "பிஃப்டீன்" தனியாக வரும்போது அழுத்தம் பின்னால் போய், ஒலி நீள்கிறது. வேகமான பேச்சில் அந்த வேறுபாடு மங்கிவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

எங்களிடம் உள்ள விதி ஒன்றுதான். முன்பு பேசியவர் சொன்னதைத் தன் சொற்களில் சுருக்கிச் சொல்லி, "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஏற்ற பிறகே தன் கருத்தைச் சொல்ல வேண்டும். பரந்தூர் விமான நிலையம், தெருநாய்கள், கடல்நீரைக் குடிநீராக்குவதா ஏரிகளைத் தூர்வாருவதா என்பது போன்ற தலைப்புகளில் ஒவ்வொருவருக்கும் உறுதியான கருத்து இருக்கும். பொதுவாக இத்தகைய பேச்சில், எதிராளி பேசும்போது நம் பதிலையே மனத்தில் கோத்துக்கொண்டிருப்போம். இந்த விதி அதைத் தடுக்கிறது. முதல் மாதத்தில் நான் சொன்ன சுருக்கங்களில் பாதி, "இல்லை தம்பி, நான் சொன்னது வேறு" என்று திரும்பி வந்தன.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக என்னை இந்த வழியில் நிறுத்தியது ஒரே ஒரு காரணம். கற்ற மொழியை யார், எதைக் கொண்டு பராமரிப்பது என்ற கேள்விதான் அது. வண்டி வாங்கும்போது விலையைவிடப் பராமரிப்பைக் கேட்கிறோம். ஆங்கில வகுப்பில் சேரும்போது மட்டும், மூன்று மாதம் முடிந்த பிறகு நான்காம் மாதத்தில் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் என்னைப் போன்றவருக்கு வீடு தமிழ், கடை தமிழ், பேருந்து தமிழ், தொழிற்சாலைத் தளமும் தமிழ்தான்; இந்தி கலந்தாலும் ஆங்கிலம் கலப்பதில்லை. அலுவலகத் தொலைபேசியில் வாரத்துக்கு இருபது நிமிடம் ஆங்கிலம் பேசினால் அதிகம். இந்நிலையில் வகுப்பு முடிந்த எட்டே வாரத்தில், அங்கு சரளமாக வந்த வாக்கியங்கள் என் நாக்கிலிருந்து நழுவத் தொடங்கின. குறிப்பேட்டைப் புரட்டிப் படித்தால் கண்ணுக்குத் தெரிந்தன, பேச்சில் வரவில்லை. செயலியில் தொடரலாமே என்று கேட்கலாம். தொடரலாம்தான், ஆனால் நான் வரவில்லை என்றால் அங்கே யாரும் காத்திருப்பதில்லை. நாற்பது நாள் தொடர்ந்து பயன்படுத்திவிட்டு, தங்கையின் திருமண வேலையில் ஒருநாள் விட்டேன், அதோடு விட்டுப்போயிற்று.

செய்தி அப்படி விடுவதில்லை. அது தானாகவே புதிய பொருளைக் கொண்டுவருகிறது. அதைவிட முக்கியம், பழைய பொருளையே மறுபடியும் கொண்டுவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும். செம்பரம்பாக்கம் ஏரியின் 24 அடி நிரம்புமா என்ற கேள்வி வரும். 2015ஆம் ஆண்டின் நீர்த்திறப்பு நினைவுக்கு வரும். அவற்றோடு "இன்ஃப்ளோ" (நீர்வரத்து), "கேச்மெண்ட்" (நீர்ப்பிடிப்புப் பகுதி), "சர்ப்ளஸ்" (உபரிநீர்), "என்க்ரோச்மெண்ட்" (ஆக்கிரமிப்பு) என்ற சொற்களும் திரும்பி வரும். பிப்ரவரி முதல் நாள் மத்திய பட்ஜெட், கோடையில் குடிநீர், மே மாதத்தில் தேர்வு முடிவுகள் என்று ஆண்டு முழுவதும் அந்தந்தச் சொற்கூட்டம் அந்தந்தப் பருவத்தில் காதில் விழுகிறது. இடையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தால், 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எழுதப்பட்ட கட்டுரைகளுக்குத் திரும்பிப் போகிறோம். மழைக்காலச் சொற்கள் கோடையிலும் ஒருமுறை உயிர்பெறுகின்றன. முதல் ஆண்டு படித்துப் புரிந்த சொல் இரண்டாம் ஆண்டு கேட்டவுடன் புரிந்தது. மூன்றாம் முறை வந்தபோது நான் தேடாமலே என் வாக்கியத்தில் அமர்ந்தது. பத்து மாதம் கழித்து அதே சொல்லை என்முன் கொண்டுவந்து நிறுத்தும் பாடத்திட்டத்தை, நான் சேர்ந்த எந்தக் கட்டண வகுப்பிலும் பார்க்கவில்லை.

பராமரிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு: குழுவையும் பராமரிக்க வேண்டும். ஒன்பது பேராகத் தொடங்கி, ஒரு கட்டத்தில் நான்கு பேராகச் சுருங்கி, இப்போது ஆறு பேர் இருக்கிறோம். அழைப்பதும் தலைப்புச் சொல்வதும் ஒருவர் தலையிலேயே விழுந்தபோது குழு தளர்ந்தது. மாதம் ஒருவர் என்று முறை வைத்த பிறகு நிலைத்து நின்றது. சூடு ஏறினால் எல்லோரும் தமிழுக்குத் தாவிவிடுவோம். அதற்கு அபராதம் எதுவும் வைக்கவில்லை. தமிழில் சொன்னதை அதே மூச்சில் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும், அவ்வளவே. கட்சி அரசியலைத் தலைப்பாக எடுத்த இரண்டு வாரங்களும் மனக்கசப்பில் முடிந்ததால், ஆதாரம் காட்டிப் பேசக்கூடிய நகரப் பிரச்சினைகளையே இப்போது எடுக்கிறோம்.

மறைக்கக் கூடாத குறை ஒன்று இருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் தாய்மொழி ஒன்றே என்பதால் எங்கள் தவறுகளும் ஒன்றே. "நேற்றுதான்" என்பதில் வரும் "தான்" எங்கள் ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் "ஒன்லி" என்று வந்து உட்காரும். யாருக்கும் அது தவறாகப் படாது. ஒருவர் பேசாமல் இருந்து பிழைகளைக் குறித்துவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் படித்துக் காட்டுகிறார். அது ஓரளவுதான் உதவுகிறது. மாதம் ஒருமுறை நல்ல ஆசிரியர் ஒருவரை அழைத்து உட்காரவைத்தால் தீரும் என்று நம்புகிறேன், செய்து பார்த்ததில்லை. மூன்று வாரத்தில் நேர்முகத் தேர்வு இருப்பவருக்கும், அடிப்படை வாக்கியமே அமைக்க வராதவருக்கும் எங்கள் முறை பொருந்தாது. அவர்கள் வகுப்புக்கோ தனி ஆசிரியரிடமோ போவதே நல்லது. வெளிநாடு செல்வோர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறவர்களைப் பொறுத்தவரை என் அனுபவம் இரவல்தான். அந்தப் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். அதன் மூன்றாம் பகுதி பொதுவான பிரச்சினைகளைப் பற்றிய நான்கைந்து நிமிட உரையாடல். எங்களோடு ஓராண்டு இருந்த செவிலியர் ஒருவர், அந்தப் பகுதி பூங்காவில் பேசுவது போலவே இருந்ததாகச் சொன்னார். கேட்டல் தேர்வுக்கு மட்டும் மாதிரித் தாள்களைத் தனியாகப் பயின்றார்.

வேகம் கூட வேண்டும் என்பவர்களுக்கு, மொழி ஆசிரியர்கள் கையாளும் 4-3-2 முறையைச் சொல்ல விரும்புகிறேன். ஒரே கருத்தை ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், அடுத்தவரிடம் மூன்றிலும், மற்றொருவரிடம் இரண்டிலும் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சொல்லும்போது தேவையற்ற இழுவைகள் உதிர்ந்துவிடுவதை நானே என் பேச்சில் கேட்டிருக்கிறேன்.

ஆறு பேர் சேராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: சென்ற மழைக்காலத்தில் ஐந்து வாரம் பூங்காவுக்குப் போக முடியவில்லை. நானும் அந்த வங்கி சாரும், ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் ஒன்பதே காலுக்குத் தொலைபேசியில் பதினைந்து நிமிடம் பேசினோம். அவர் ஒரு செய்தியைச் சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு என் கருத்தைச் சொல்வேன். அந்தப் பழக்கம் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. புணேயிலிருந்து எண்ணிக்கை சொன்னால், "ஒன் ஃபைவ்?" என்று திருப்பிக் கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே எழுதுகிறேன்.