கோடை அந்திப் படங்கள்: சில வருடங்களில் பையில் மிஞ்சியவை

கடலோர ஊரில் கோடை அந்தியைப் படம் எடுக்கத் தொடங்கியபோது தோளை அழுத்திய பை, இப்போது பாதிக்கும் கீழே இளைத்துவிட்டது. எது நின்றது, எது அலமாரிக்குப் போனது, ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதும் விமர்சனங்களில் உப்புக்காற்றுக்கு இடமே இருக்காது. அது தன் வேலையைக் காட்ட ஒரு முழுக் கோடையாவது ஆகும்.

முதலில் லென்ஸ். கடல், வானம் என்றதும் எல்லோரும் பரந்த காட்சியை அடக்கும் வைட் லென்ஸைத்தான் மாட்டுவார்கள். ஆனால் வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் சென்சாரில் விழும் சூரியன் கால் மி.மீ.கூட இருக்காது, படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளி. 200 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 2 மி.மீ. அப்போதுதான் அதன் உருவம் தெரியும். தொடுவானத்தை நெருங்கும் சூரியன் முழு வட்டமாக இருப்பதில்லை. காற்று ஒளியை வளைக்கிறது. அதில் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கிக் காட்டப்படுவதால் சூரியன் சப்பையாகத் தெரிகிறது. கடல்நீர் மேலே உள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும் நாட்களில் அடியிலிருந்து ஒரு தலைகீழ்ப் பிம்பம் எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் தூரத்தை அருகில் காட்டும் டெலி லென்ஸில்தான் கிடைக்கும். எனவே 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் என் பையை விட்டு இறங்கியதே இல்லை. ஒரு எச்சரிக்கை: டெலி மாட்டிய எஸ்.எல்.ஆர். (லென்ஸின் ஒளி நேரே கண்ணுக்கு வரும் வகை) கேமராவின் வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கேமராவின் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்கள்தான் அலமாரிக்குப் போனவை. மேல்பாதி இருட்டாகவும் கீழ்பாதி தெளிவாகவும் இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டருக்குக் கடல்தான் ஏற்ற இடம் என்பார்கள், தொடுவானம் நேர்கோடு என்பதால். நடுக்கடலில் சரி. கரையில் படகுகளின் பாய்மரம் உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு, அந்தியைப் பார்க்க நிற்பவர்களின் தலைகளும் உண்டு. கோட்டுக்கு மேலே நீட்டுவதெல்லாம் பாதியில் வெட்டினாற்போல் கருக்கும். போதாததற்கு, சூரியனை நேரே வைத்து எடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் கூடுதலாக ஒரு கண்ணாடி இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தில் எங்காவது ஒரு பொட்டாக விழும். இப்போது ட்ரைபாட்டில் வைத்து, வானத்துக்கு ஒன்றும் தரைக்கு ஒன்றுமாக மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இடைவெளியில் இரண்டு ரா படங்கள் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்புகள்) எடுத்து வீட்டில் சேர்த்துக்கொள்கிறேன். வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் ஃபில்டரும் இங்கே வீண். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியுள்ள வானத்தில்தான் அதன் முழு பலம். சூரியனை நோக்கி மாட்டினால் வெளிச்சத்தைத் தின்பதோடு சரி. வெளிச்சத்தை ஒரே சீராகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு அலைகளைப் புகைபோல ஆக்கும் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. அது அவரவர் ருசி.

உப்புதான் பெரிய சமாசாரம். அலை வலுவாக அடிக்கும் மாலையில் பத்து நிமிடத்துக்குள் லென்ஸ்மேல் மெல்லிய படலம் படிந்துவிடும். திரையில் அது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சூரியனைச் சுற்றிப் படம் முழுக்க மங்கலாக இருக்கும். துடைக்கும் முன் ஊதுபந்தால் மணலை ஊதிவிட வேண்டும். இல்லையென்றால் துணியே உப்புக்காகிதம் ஆகிவிடும். ஆல்கஹால் கலந்த கிளீனரில் உப்பு சரியாகக் கரையாது. நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி, அதன் பிறகு உலர்ந்த துணி, இவ்வளவே போதும். ட்ரைபாட்டில் காலைத் திருகி இறுக்கும் ட்விஸ்ட் லாக் பார்க்க அழகுதான், ஆனால் மணல் புகுந்தால் ஒவ்வொரு தடவையும் நறநறக்கும். மடக்கிப் பூட்டும் ஃப்ளிப் லாக் வைத்திருந்தால் அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் அடிக்கால் பகுதியை முழுவதும் இழுத்து நிறுத்துங்கள். மூட்டு தண்ணீருக்கு மேலேயே இருக்கும். வீடு திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் அலசுவது நான் தவறவிடாத பழக்கம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே புழுக்கத்தில் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வையுங்கள்.

செட்டிங் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைக் குறை என்று நினைத்துச் சரிசெய்துவிடும். பகல் வெளிச்ச அமைப்பில் நிறுத்துங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள், வெளிச்சம் மிஞ்சி முதலில் கைவிட்டுப் போவது அதுதான்.

காற்றில் தூசியும் புகையும் இருந்தால்தான் அந்தி சிவக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. என் அனுபவத்தில் நேர்மாறு. புழுக்கமும் தூசியும் சேர்ந்த கோடை மாலையில் சூரியன் கடலைத் தொடும் முன்பே சாம்பலில் கரைந்துபோகும். மழை பெய்து காற்று கழுவப்பட்ட மறுநாள், உயரத்தில் இறகுபோல மேகம், மேற்கே அடிவானத்தில் தடை இல்லை என்றால் எல்லா வேலையையும் விட்டுக் கிளம்பலாம். எரிமலைகள் விதிவிலக்கு. 1883இல் கிரகடோவாவும் 1991இல் பினடூபோவும் வெடித்த பிறகு உலகின் பல பகுதிகளில் அந்தி விசித்திரமாக நிறம் மாறியது, ஆனால் அந்தத் துகள்கள் மேகங்களுக்கும் மேலே ஸ்ட்ராடோஸ்பியரில் மிதந்தவை.

கூட்டம் சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. எனக்கு அது வசதிதான். உயரமான மேகத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் போய்ச் சேர்வது அதற்குப் பிறகுதான். கால்மணி நேரம் கழித்து வானம் மறுபடி பற்றிக்கொள்ளும் நாட்கள் பல. நிலநடுக்கோட்டை விட்டு விலகிப் போகப் போகக் கோடையின் இந்த நேரம் நீளும். அப்போது ஒருமுறை திரும்பிக் கிழக்கேயும் பாருங்கள். அடிவானத்தில் நீலச்சாம்பலாக எழுவது பூமியின் நிழல், அதன்மேல் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டை மேற்கிலிருந்து வரும் கடைசி வெளிச்சம். கடல் கிழக்கே இருக்கும் ஊர்க்காரர்கள் அந்திப் படத்துக்கு வழியில்லை என்று அலுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. இந்தக் காட்சி அவர்களுக்குக் கடல்மேலேயே விரிகிறது.

போன் போதுமா? நிறத்துக்கும் நிழலுருவத்துக்கும் தாராளமாகப் போதும். சூரியனின் உருவத்துக்குப் போதாது. போனின் எச்.டி.ஆர். இருட்டையெல்லாம் தூக்கிக் காட்டி அந்தியை மத்தியானம் ஆக்கப் பார்க்கும். வானத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைக் கீழே இழுத்துவிடுங்கள். அப்புறம், எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். விரல் பிசுக்கு படிந்திருந்தால் சூரியனிலிருந்து குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுக்கும். அதை எந்த எடிட்டிங்கிலும் சுத்தமாக எடுக்க முடியாது.