அங் மோ கியோவின் பழைய வீவக வீட்டில் நீண்டகால வாழ்க்கை: உடல்நலத்தின் பார்வையில் ஓர் அனுபவப் பகிர்வு

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில், நீண்ட பொது நடைபாதையை ஒட்டி வீடுகள் வரிசையாக அமைந்த ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில், எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறைகளாக வசித்து வருகிறது. இத்தகைய வீடுகளின் விலை, பரப்பளவு, எஞ்சியுள்ள குத்தகைக் காலம் ஆகியவற்றைப் பற்றிய மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட வீட்டில் இளமையைக் கழித்து, முதுமையையும் அங்கேயே கழிக்கும் ஒருவரின் உடலுக்கும் மனத்துக்கும் அந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்பதை எழுதுவோர் குறைவு. நாட்டின் குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் வீவக வீடுகளிலேயே வாழ்வதால், இது எங்கள் ஒரு வீட்டின் கதையாக மட்டும் இருக்காது என்று நம்புகிறேன்.

அங் மோ கியோவில் கட்டுமானம் 1973இல் தொடங்கியது. அக்காலப் புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காது. குறிப்பிட்ட சில தளங்களில் மட்டுமே அதன் கதவு திறக்கும். எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமானால் மேல்தளத்தில் இறங்கி, படிக்கட்டு வழியாகக் கீழே வர வேண்டும். இளைஞர்களாக இருந்த காலத்தில் எங்களில் எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. என் தாயாருக்கு முழங்கால் மூட்டு தேய்ந்த பிறகுதான் அந்த ஒரு தளத்துப் படிகளின் உண்மையான உயரம் எங்களுக்குத் தெரிந்தது. நாள்தோறும் ஈரச்சந்தைக்குச் சென்றுவந்தவர், வாரத்துக்கு ஒருமுறை செல்பவராக மாறினார். பிறகு, வேண்டியதை வாங்கிவரச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். நடை குறைந்தவுடன் உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் ஏறின. அதைவிட வேகமாகப் பேச்சு குறைந்தது.

பழைய புளோக்குகளில் எல்லாத் தளங்களிலும் மின்தூக்கி நிற்கச் செய்வதற்கான மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் 2001இல் அறிவிக்கப்பட்டது. புளோக்கில் தகுதியுள்ள வீட்டாரில் 75 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தால்தான் பணி தொடங்கும் என்பது அதன் விதி. எங்கள் முறை வந்தபோது, ஏற்கெனவே மின்தூக்கி நிற்கும் தளத்தில் இருந்தவர்களும் மற்றவர்களுக்காக வாக்களித்தார்கள் என்பதை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன். புளோக்கின் பக்கவாட்டில் புதிய மின்தூக்கிக் கூண்டு எழும்பி, எங்கள் தளத்திலேயே கதவு திறக்கத் தொடங்கிய பின், தாயார் மறுபடியும் தாமாகவே சந்தைக்குப் புறப்பட்டார். மருந்து மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை. வீட்டு வாசலுக்கும் தரைத்தளத்துக்கும் இடையே இருந்த தடை மட்டுமே நீங்கியிருந்தது.

படி ஏறுவது நல்ல உடற்பயிற்சி, மின்தூக்கி மனிதர்களைச் சோம்பேறிகளாக்கிவிடும் என்று சொல்வோர் உண்டு. ஏற முடிந்தவருக்கு அது உண்மையே. நானும் மாலையில் படியில்தான் ஏறுகிறேன். ஆனால் வேறு வழியே இல்லாமல் அமைக்கப்பட்ட படிக்கட்டு, நடை எவருக்கு மிகவும் தேவையோ அவரையே முதலில் வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. இந்த வீட்டைப் பற்றி எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரிந்தது இதுதான்: ஒரு குடியிருப்பு உடல்நலத்துக்கு உகந்ததா என்பதை, வலியுள்ள ஒருவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போக எவ்வளவு முயல வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். தரை ஓடுகளும் சமையலறை அலமாரியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

வாசலைத் தாண்டியதும் வருவது பொது நடைபாதை. தீப்பாதுகாப்பு விதிப்படி அதில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லா வழி இருக்க வேண்டும். அந்த அளவை விட்டது போக மீந்திருக்கும் ஓரத்தில்தான் துளசி, கறிவேப்பிலை, கற்றாழை எல்லாம் வளர்கின்றன. கொசு பெருகி டெங்கி பரவும் ஊர் என்பதால், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்காமல் பார்ப்பதும் அன்றாட வேலைகளில் ஒன்று. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மையாரும், இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீன முதியவரும் என் தாயாரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதற்கு எந்த ஏற்பாடும் தேவைப்பட்டதில்லை. மூவரும் வெளியே போக அந்த ஒரே வழியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒருவரின் கதவு வழக்கமான நேரத்தில் திறக்கவில்லை என்றால் மற்றவர் தட்டிப் பார்ப்பார். 2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தபோது, தத்தம் வாசலில் நாற்காலி போட்டு, முகக்கவசத்துடன், இடைவெளி விட்டு அவர்கள் பேசிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. பிற்காலப் புளோக்குகளில் ஒரு தளத்துக்குச் சில வீடுகளே இருக்கும்படி அமைத்து நடைபாதையைச் சுருக்கிவிட்டார்கள். அதனால் தனிமை கிடைக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தனியாக வாழும் முதியோர் கூடிவரும் ஒரு சமூகத்தில், அந்தப் பேரம் நமக்கு இலாபமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

இதே நடைபாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. படுக்கையறைச் சன்னல் நடைபாதையை நோக்கி இருப்பதால், போவோர் வருவோர் கண்ணில் படாமல் இருக்கத் திரையை மூடியே வைக்க வேண்டியிருக்கிறது. மூடினால் காற்று நின்றுவிடுகிறது. சன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை போட்டு மேற்பாதியைத் திறந்துவைத்த பிறகுதான் இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. முன்பு நடைபாதையில் எவரேனும் புகைத்தால் அது நேராக அறைக்குள் வரும். 2013 ஜனவரி முதல் புளோக்குகளின் பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டதால் அந்தத் தொல்லை குறைந்தது. ஒரு வடிவமைப்பின் குறையைச் சட்டம் ஈடு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என் அனுபவத்தில் இல்லை.

காற்றும் வெப்பமும் இந்த வீட்டில் அறைக்கு அறை மாறுபடும். நடைபாதைப் பக்கமும் சமையலறைப் பக்கமும் சன்னல்கள் எதிரெதிராக இருப்பதால், இரண்டையும் திறந்தால் காற்று வீட்டைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. புளோக்கின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியிருப்பது தற்செயல் அல்ல. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள இந்தத் தீவில் நண்பகல் சூரியன் உச்சிக்கு அருகிலேயே இருப்பதால், வடக்கு, தெற்குச் சுவர்களைக் காக்க ஒரு சிறிய மேற்பலகையே போதும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயிலை அது தடுக்காது. எங்கள் வீடோ புளோக்கின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் கான்கிரீட் சுவர், அதை உடனே திருப்பித் தராமல், நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. பல ஆண்டுகள் அந்த அறையில் உறங்கிய என் தம்பிக்கு ஆழ்ந்த உறக்கம் வாய்த்ததே இல்லை. கட்டிலை வேறு அறைக்கு மாற்றி, மேற்கு அறையைத் துணி உலர்த்தவும் பொருள் வைக்கவும் ஒதுக்கிய பிறகு அவன் காலையில் எழும் முகமே வேறாக இருந்தது. வீடு பார்க்கப் போகிறவர்கள் காலை வேளையில் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள் என்பதே நான் சொல்லும் யோசனை.

குறுக்குக் காற்றோட்டம் எப்போதும் நன்மையாகவும் இருந்துவிடுவதில்லை. 2013 ஜூனில் அண்டை நாட்டின் காட்டுத்தீப் புகைமூட்டம் சூழ்ந்து, காற்றுத் தரக் குறியீடு அபாயகரமான 401ஐத் தொட்டபோது, எங்கள் பழைய கண்ணாடிப் பலகைச் சன்னல்களை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்குகள் வழியாகப் புகை உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்ததால், ஒரே ஓர் அறையின் இடுக்குகளை அடைத்து, காற்றுச் சுத்திகரிப்பான் வைத்து, அனைவரும் அதற்குள்ளேயே இருந்தோம். அதன் பிறகு அந்த ஓர் அறைக்கு மட்டும் நன்கு மூடும் சன்னலைப் பொருத்தினோம். வெப்பமண்டல வீட்டுக்குத் திறப்பும் வேண்டும், தேவைப்படும் நாளில் முழுமையாக மூடும் வசதியும் வேண்டும்.

குளியலறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் கழிவறையும் குளிக்கும் இடமும் ஒன்றே. தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். நுழைவிடத்தில் ஒரு தடுப்புமேடு. மூத்தோர் வீட்டில் விழுவதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. மூத்தோர் வாழும் வீடுகளைப் பாதுகாப்பாக மாற்றியமைக்க 2012இல் தொடங்கிய ‘ஈஸ்’ என்ற அரசுத் திட்டத்தின்கீழ் கைப்பிடிக் கம்பிகளும், தரை வழுக்காமல் இருப்பதற்கான பூச்சும், சாய்தளமும் அமைத்துக்கொள்ளலாம். குடிமக்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. நாங்கள் செய்துகொண்ட மாற்றங்களில் இதற்கே முதலிடம் தருவேன். ஆயினும் பொருத்தும்போது அருகில் நின்று கவனியுங்கள். நின்றுகொண்டு நீர்த்தூவியில் குளிப்பவரின் உயரத்தைக் கணக்கிட்டே கம்பியைப் பொருத்த வந்தார்கள். என் தாயாரோ தாழ்வான முக்காலியில் அமர்ந்து, வாளியில் நீர் பிடித்து மொண்டு ஊற்றிக்கொள்பவர். அமர்ந்த நிலையிலிருந்து எழுவதற்குப் பிடிக்கும் இடம் எது என்று அவரையே உட்கார்ந்து காட்டச் சொல்லி, அங்கே இன்னொரு கம்பியைத் தாழ்வாகப் பொருத்தச் செய்தோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. தரையைச் சோப்புநீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அவரை எழச் சொல்கிறோம்.

குளியலறைத் தரையில் உள்ள வடிகாலும் கவனிக்கத் தக்கது. அதன் குழாயின் வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300 பேருக்கு மேல் பரவி 42 பேர் உயிரிழந்தபோது, அந்த வளைவுகள் வறண்டு போயிருந்ததும், குளியலறைக் காற்றை வெளியேற்றும் விசிறிகள் குழாய்க் காற்றை உள்ளே இழுத்ததும் பரவலுக்கு முக்கியக் காரணங்களாக விசாரணையில் சுட்டப்பட்டன. எங்கள் வீட்டில் அதிகம் பயன்படாத இரண்டாவது கழிவறையின் வடிகாலில் வாரந்தோறும் ஒரு குவளை நீர் ஊற்றும் வழக்கம் அப்போது தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை.

ஓசை இந்தக் கட்டடத்தின் தீராத குறை. மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் நம் தலைக்கு மேல் இழுப்பதுபோல் கேட்கும். கான்கிரீட் தளம் பேச்சொலியைத் தடுக்கும் அளவுக்கு மோதல் ஒலியைத் தடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல் படுக்கையறைக்கு 30 டெசிபல் என்ற அளவைக் குறிப்பிடுகிறது. சாலையை நோக்கிய சன்னலைத் திறந்துவைத்து உறங்கும் எவருக்கும் அது எட்டாத அளவு. காற்று வேண்டுமானால் இரைச்சலையும் ஏற்க வேண்டும் என்ற இந்த நெருக்கடிக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

சமையலறைச் சன்னலுக்கு வெளியே பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 46 நோயாளிகளை மட்டும் கொண்ட அந்த ஆய்வின்மீது பெரிய முடிவுகளை ஏற்றிவைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கணவரை இழந்த ஆண்டில் என் தாயார் அதிக நேரம் நின்றது அந்தச் சன்னலருகேதான் என்பதை நான் அறிவேன்.

கீழ்த்தளத்தைச் சுவர்களின்றித் திறந்தவெளியாக விடும் வழக்கம் 1970களில் வேரூன்றியது. நாலாபுறமும் திறந்திருப்பதால் கொளுத்தும் வெயிலிலும் அங்கே காற்று வீசும்; மலாய்த் திருமணமும் சீன இறுதிச்சடங்கும் நடக்கும் இடமும் அதுவே. அங்கிருந்து கூரையிட்ட நடைபாதை வழியாக வெயிலும் மழையும் படாமல் சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகலாம். சாலைச் சந்திப்பில் மூத்தோர் தம் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் வினாடிகள் எரியும். 2009இல் அறிமுகமான இந்த ஏற்பாடு சிறிதாகத் தோன்றினாலும், ‘பாதி சாலையில் மாட்டிக்கொள்வேனோ’ என்ற அச்சத்தைத் தாயாரிடமிருந்து அகற்றியது இதுதான். வழியில் உள்ள இருக்கைகளில் கைச்சாய்வு உள்ளவற்றையே அவர் தேர்ந்தெடுக்கிறார். கைச்சாய்வு இல்லாதவற்றில் அமர்ந்தால் ஊன்றி எழ முடிவதில்லை. இருக்கை வாங்குவோர் இதைக் கேட்டறிந்தால் நன்றாக இருக்கும்.

எனக்கென்று நான் போகும் இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. காங்கிரீட் கால்வாயாக நேராக ஓடிய காலாங் ஆற்றை, கரைகளை உடைத்து வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கால்வாயாக இருந்தபோது வேலிக்கு இப்பால் நின்று பார்த்த நீரை, இப்போது குழந்தைகள் கற்களின்மேல் தாவிக் கடக்கிறார்கள். மாலை நடைக்கு வருவோர் கூட்டம் பெருகியதை என் கண்ணாலேயே கண்டேன்.

புதிய வீட்டுக்கு மாறலாமா என்ற பேச்சு குடும்பத்தில் எழுந்தபோது, உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டியைப் பார்த்துவந்தோம். உணவங்காடி, மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், மூத்தோருக்கான 104 வீடுகள், படிப்படியான கூரைத் தோட்டம் என அனைத்தும் ஒரே கட்டடத்தில் அடுக்கப்பட்டுள்ளன. 2018இல் உலகின் சிறந்த கட்டடமாக உலகக் கட்டடக்கலை விழாவில் தேர்வானது. தாயாருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அங்கே தமக்குத் தெரிந்தவர் எவருமில்லை என்றார். நாங்கள் மாறவில்லை. மற்றவர்களுக்கு, குறிப்பாக அருகில் உறவினரோ நீண்டகால அண்டைவீட்டாரோ இல்லாத முதியோருக்கு, அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எங்கள் வீட்டில் இன்னும் மீதமுள்ள வேலை குளியலறைக் கதவு. அதன் நிலைச்சட்டம் மிகக் குறுகலானது. சக்கர நாற்காலி நுழையாது. தாயார் இப்போது கைத்தடியுடன் நடக்கிறார் என்பதால் இன்று அது தேவைப்படவில்லை. சுவரை எந்தப் பக்கம் அகற்றலாம், அதற்கு எத்தகைய அனுமதி வேண்டும் என்பதை விசாரித்து வருகிறோம். அவர் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிட எண்ணியிருக்கிறோம்.