அலாய் 600-ஆ, 690-ஆ?

பெசன்ட் நகரில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டைக் கடல்காற்று அரித்தால் கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் உப்பும், துரு உதிரும். அணு உலைக் குழாய்களில் வரும் நிக்கல் கலப்புலோகமான அலாய் 600 அப்படிக் காட்டிக்கொடுக்காது. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுத்தமான நீரும், வெல்டிங் விட்டுவைத்த இழுவிசையும் சேர்ந்தால் போதும், உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளின் எல்லை வழியாக முடி மாதிரி விரிசல் ஓடும். அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் அப்படி ஒரு விரிசல் வழியே கசிந்த நீரில், அணுவினையைக் கட்டுப்படுத்தக் கலந்திருந்த போரிக் அமிலம் உலை மூடியின் எஃகையே தின்றுவிட்டது, 2002-இல்தான் அது தெரியவந்தது, அந்த இடத்தில் மிஞ்சியது உள்பக்க மெல்லிய ஸ்டெயின்லெஸ் பூச்சு மட்டும்தான்.

690-இல் குரோமியம் சுமார் 30 சதவீதம், 600-ஐப் போல இரு மடங்கு. விரிசல் லேசில் தொடங்காது. சரி, வெல்டிங் செய்வது சிரமம்தான். இருந்தாலும் என் தேர்வு 690. பழைய 600 குழாய்களை மட்டும் விடாமல் அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையில் பாருங்கள்.